உயரமான ஆளுக்கு சின்ன ப்ளேன்ல ஹெல்மெட் போட இடம் எங்க?

என்ட மச்சான் ஒருத்தன் கனடால இருக்கான், ஆறடி மூண்டு அங்குலம், ஊர்ல இருக்கக்குள்ளயே த்ரீவீலுக்க ஏறினா கழுத்த மடிச்சுக்கொண்டுதான் இருப்பான், அப்பிடிப்பட்டவன் யாரோ பாதியில விட்ட ரெண்டு சீட் ப்ளேன் கிட் ஒண்ட வாங்கி வீட்டு கராஜுக்க வச்சு பூட்டிக்கொண்டிருக்கான். ஒருநாள் ராவு வட்ஸப்ல ஒரு போட்டோ வந்திச்சு. ஹெல்மெட்ட போட்டுக்கொண்டு சீட்ல இருக்கான், கனோபி, அதான் தலைக்கு மேலால மூடுற கண்ணாடி மூடி, மேல திறந்தபடி நிக்குது, மூட ஏலா, ஹெல்மெட்ல முட்டுது. கீழ ஒரு வரி: "மச்சான், குஷன மெல்லிசா வெட்டினா சரிவருமா?"

என்னட்ட கேட்டதுக்கு காரணம் இருக்கு. நான் மட்டக்களப்புல குஷன் வேலை செய்றவன், வான் சீட், பஸ் சீட், த்ரீவீல் சீட், சில நேரம் ஆஸ்பத்திரிக் கட்டில் மெத்தையும் வரும். ப்ளேன் சீட் இதுவரைக்கும் வந்ததில்ல. நம்மட ஊர்ல ப்ளேன் எண்டா புதூர்ப் பக்கம் இறங்குற சின்ன ப்ளேனத்தான் எல்லாரும் அண்ணாந்து பாக்கிற, 1958ல திறந்த ஓடுபாதை அது, மறுகா எயார் ஃபோர்ஸ் எடுத்து, 2018லதான் திரும்ப பொதுசனத்துக்கு விட்டாங்க. சரி, கேட்டிட்டானே எண்டு நானும் அவனும் ஒரு மாசமா போன்ல கதைச்சு, அளந்து, தேடிப் பாத்து விளங்கிக்கொண்டதத்தான் இங்க எழுதுறன், கடைக்கு வாற பொடியன்மாரும் கேக்கிறாங்க என்ன எந்நேரமும் ப்ளேன் கதை எண்டு.

முதல் விசயம், ஹோம்பில்ட் எண்டா என்ன. கம்பெனி செஞ்சு விக்கிற ப்ளேன் இல்ல, ஆக்கள் தாங்களே கராஜுக்க வச்சு செய்றது. அமெரிக்காலயும் கனடாலயும் இதுக்கெண்டு சட்டம் இருக்கு, அரைவாசிக்கு மேல வேலைய தொழில் பழகுறதுக்கோ ஆசைக்கோ எண்டு சொந்தக் கையால செஞ்சிருக்க வேணும், ஐம்பத்தொரு வீதம் எண்டுதான் அவங்க சொல்ற. 1953ல அமெரிக்கால ஈ.ஏ.ஏ. எண்டு ஒரு சங்கம் தொடங்கி இண்டைக்கு வரைக்கும் இந்த ஆக்களுக்கு அதுதான் தாய்வீடு மாதிரி. நம்மட நாட்டுல இப்பிடி ஒண்ட செஞ்சு சும்மா வயல் வரம்புல ஓட்டிப் பாக்க ஏலா, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைட அனுமதி இல்லாம நிலத்த விட்டு எழும்பினா மறுகா கோட்டுலதான் இறங்க வேண்டி வரும்.

இந்த ப்ளேன் எல்லாம் ஏன் இவ்வளவு சின்னன் எண்டா, சின்ன எஞ்சினுக்கு பெரிய உடம்பு இழுக்க ஏலா. கொக்பிட், அதான் ஓடுறவர் இருக்கிற இடம், அதுட அகலமும் உயரமும் கூடக்கூட காத்து மோதுற முகம் பெருக்குது, வேகம் குறையுது, பாரம் ஏறுது. அதால ப்ளேனுக்கு பிளான் கீறுறவர் கனோபிய தலைக்கு மேல கிட்டக் கொண்டுவந்து விடுவார். யார்ட தலைக்கு மேல எண்டதுதான் கேள்வி. கன இடத்துல தன்ட உடம்புக்கு இல்லாட்டி சராசரி உடம்புக்கு அளவெடுத்திருப்பார், தையல்காரன் தன்ட சேட்ட அளவா வச்சு ஊருக்கெல்லாம் தைச்ச மாதிரி. பிரான்சுல கிரிக்ரி எண்டு ஒரு ப்ளேன் இருக்கு, 1973ல முதல் பறந்தது, ரெண்டு எஞ்சின், ஆனா செட்டை இந்த நுனியில இருந்து அந்த நுனிக்கு 4.9 மீட்டர்தான், வெறும் பாரம் 78 கிலோ, ஒரு ஆள்ட பாரம்! அதுக்க நம்மட மச்சான் இருக்கிறத யோசிச்சே பாக்க ஏலா. அங்கால ஆர்வி எண்டு அமெரிக்காக் கிட் இருக்கு, உலகத்துல 11,000க்கும் மேல கட்டிப் பறந்திருக்கு, அதுல ஆர்வி-4 எண்டது 1979ல வந்த ரெண்டு சீட், முன்னுக்கு ஒராள் பின்னுக்கு ஒராள். நல்ல ப்ளேன்தான், ஆனா பெரிய உடம்புக்காரருக்கு இறுக்கம், 1995ல அதே மாதிரி முன் பின் சீட்டோட ஆர்வி-8 வரக்குள்ள கொக்பிட்ட பெருசாக்கித்தான் விட்டாங்க.

இப்ப அளவுக்கு வாறன். ஆறடி மூண்டு அங்குலம் எண்டு சொன்னா ப்ளேனுக்கு ஒண்டும் விளங்காது, ப்ளேனுக்குத் தேவை இருந்த உயரம். சீட்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் எவ்வளவு எண்டதுதான். பொதுவா நிண்ட உயரத்துல அரைவாசிக்குக் கொஞ்சம் மேல வரும், நூத்துக்கு ஐம்பத்திரண்டு எண்டு வைங்க, ஆனா ஆளுக்கு ஆள் கன வித்தியாசம். கடையில நானும் வேலைக்கு நிக்கிற பொடியனும் அளந்து பாத்தம், சுவரோட முதுக ஒட்டி நிலத்துல இருந்து தலைக்கு மேல கொப்பி ஒண்ட மட்டமா வச்சு பென்சிலால ஒரு கோடு. அவன் நிண்டா என்ன விட நாலு விரல் உயரம், இருந்தா ரெண்டு கோடும் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து நிக்குது. அவனுக்கு எல்லாம் கால். இப்பிடி நெடுங்கால் ஆளுக்கு தலை முட்டாது, முழங்கால்தான் டாஷ்போட்டுல முட்டும். மச்சானுக்கு அப்பிடியில்ல, இருந்த உயரமே 99 செ.மீ.

அவன்ட கணக்கு இப்பிடி. சீட் பலகையில இருந்து தலை வாற இடத்துல கனோபிட உள்பக்கம் வரைக்கும் 103 செ.மீ. முதுகு கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கிறதால அவன் 97க்கு இறங்குறான். குஷன் மூண்டு அங்குலம், அவன் இருந்தா அமுங்கி 4 செ.மீ. ஆகுது. ஹெல்மெட் உச்சியில 4 செ.மீ. கூட்டினா 105. ரெண்டு செ.மீ. கடன்.

முட்டினா என்ன, கொஞ்சம் குனிஞ்சு இருந்தாப் போச்சு எண்டுதான் முதல் நானும் நினைச்சன். இல்லை கா, அது வேற கதை. பகல் வெயில் ஏறினா நிலம் சூடாகி காத்து குமுறி மேல எழும்பும், நம்மட பக்கம் வயலுக்கு மேலால பறந்து வாவிக்கு மேல வந்தா ப்ளேன் குதிக்கிறது இதாலதான், தரை ஒரு சூடு தண்ணி ஒரு சூடு. சின்ன ப்ளேனுக்கு பாரம் குறைவு, அதால குதிப்பும் கூட. ப்ளேன் சடாரெண்டு கீழ விழக்குள்ள உங்கட உடம்பு அந்த இடத்துலயே நிக்கப் பாக்கும், பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பட்டி கொஞ்சம் இழுபடும், குஷன் அமுக்கத்துல இருந்து விடுபட்டு மேல தள்ளும், தலை ஒண்டு ரெண்டு அங்குலம் லேசா எழும்பும். மேல இருக்கிறது கண்ணாடி மாதிரி வளைச்ச பேர்ஸ்பெக்ஸ், ஒரு மூண்டு மில்லிமீட்டர் தடிப்பு. கனடாக் குளிருக்குள்ள அது இன்னும் மொறுமொறுப்பு, கெதியா வெடிக்கும். தலையும் பாதுகாப்பில்ல கனோபியும் பாதுகாப்பில்ல.

அப்ப ஹெல்மெட் போட்டா காப்பாத்தும்தானே எண்டு கேப்பீங்க. ஹெல்மெட் உண்மையில என்ன செய்யுது எண்டு பாக்க வேணும். பழைய பைக் ஹெல்மெட் ஒண்ட பிச்சுப் பாருங்க, உள்ளுக்க இருக்கிறது நம்மட ரெஜிபோம்தான், டீவிப் பெட்டிக்க வாறதோட சொந்தக்காரன், ஆனா இறுக்கம் கூட. அது நசுங்கிறதுதான் அதுட வேலை. தலை செக்கனுக்கு 5 மீட்டர் வேகத்துல போய் இரும்புல மோதுது எண்டு வைங்க, வெறும் தலை தோலும் மயிரும் சேத்து அரை செ.மீ. தூரத்துக்குள்ள நிண்டா கிட்டத்தட்ட 255 ஜி, அதாவது தலைட பாரம் 255 மடங்கா அமுக்கின மாதிரி. ரெஜிபோம் 2 செ.மீ. நசுங்கிக் குடுத்தா அது 64 ஜிக்கு இறங்குது. இது கடதாசிக் கணக்கு, உண்மையில இவ்வளவு அழகா நசுங்காது, ஆனா நாலு மடங்கு வித்தியாசம் எங்க இருந்து வருது எண்டு விளங்கும், தூரத்துல இருந்துதான்.

அந்தத் தூரத்தத்தான் ஹெல்மெட்டும் சாப்பிடுது, குஷனும் சாப்பிடுது, உயரமும் சாப்பிடுது. ஹெல்மெட் ஏற்கனவே கனோபியில ஒட்டிக்கொண்டு இருந்தா தலைக்கு அடி குறையும் சரி, ஆனா கழுத்து? மச்சான்ட 95 கிலோ உடம்பு மேல வரப் பாக்குது, தலை மேல போக இடமில்லாம நிக்குது, நடுவுல நசியிறது கழுத்தெலும்பு. கழுத்துக்கு எந்த ஹெல்மெட்டும் ஒண்டும் செய்ய ஏலா. அதால என்ட எண்ணம், இடம் இருந்தா ஹெல்மெட் போடுறது நல்லம், ஹெல்மெட்டா இடமா எண்டு ஒண்டத்தான் எடுக்க ஏலும் எண்டா இடத்த எடுங்க. மச்சான் இத ஒத்துக்கொள்ள ரெண்டு கிழமை எடுத்தான், பைக் ஓடின ஆள், ஹெல்மெட் இல்லாம இருந்தா உடுப்பில்லாம இருக்கிற மாதிரி எண்டான்.

அதோட எல்லா ஹெல்மெட்டும் ஒண்டில்ல. ஃபுல் ஃபேஸ் பைக் ஹெல்மெட் ஒண்டரைக் கிலோ வரும், பக்கப் பார்வைய வெட்டும், ரேடியோ ஹெட்செட் உள்ளுக்க போகாது, தலைய கிறுக்கினா சின்னக் கொக்பிட்டுல ரெண்டு பக்கமும் உரசும். குத்துக்கரணம் அடிச்சுப் பறக்கிற ஆக்கள் ஆறு ஜி இழுத்தா அந்த ஒண்டரைக் கிலோ கழுத்துக்கு ஒம்பது கிலோவா இருக்கும், தலையே நாலரை அஞ்சு கிலோ எண்டதையும் மறக்காதீங்க. ப்ளேன் ஓடுறவங்கட ஹெல்மெட்டுக்க காதுக்குக் கிண்ணமும் மைக்கும் சேந்து வரும். பாராகிளைடிங் ஆக்கள் போடுறதுக்கு ஐரோப்பால ஈ.என். 966 எண்டு தனித் தரமே இருக்கு, அது லேசானது, கன ஹோம்பில்ட் ஆக்கள் அந்த மாதிரி ஒண்ட எடுத்து காதுக்கு ஹெட்செட்டப் பொருத்திக்கொள்ற. பம்ப் கேப் எண்டு பக்டரிகளுக்க போடுற தொப்பி ஒண்டு இருக்கு, அது அலுமாரிக் கதவுல தலை இடிபட்டா தாங்கும், அவ்வளவுதான், அத ஹெல்மெட் எண்டு நம்பிப் போடக் கூடாது.

திறந்த கொக்பிட்டுல வேற தொல்லை. 1929ல அமெரிக்கால பீட்டன்போல் எண்டவர் ஃபோர்ட் கார் எஞ்சின் வச்சுச் செஞ்ச எயார் கேம்பர் இண்டைக்கும் ஆக்கள் பிளான் வாங்கிச் செய்றாங்க, செட்டை தலைக்கு மேல, கொக்பிட் திறந்தது. அதுல முட்ட ஒண்டும் இல்ல, ஆனா உயரமான ஆள்ட தலை முன்கண்ணாடிக்கு மேலால எட்டிப் பாக்கும், காத்து நேர ஹெல்மெட்ல அடிச்சு தலைய ஆட்டும், முன்னுக்கு நெத்திக் கூரை மாதிரி நீட்டின ஹெல்மெட் எண்டா தாடையோட சேத்து மேல இழுக்கும்.

இப்ப என்ட துறைக்கு வாறன், குஷன். இதுலதான் கன பேர் பிழை விடுற. தலை முட்டுது எண்டா உடன குஷன கழட்டி எறிஞ்சிட்டு பலகையில இருப்பாங்க, இல்லாட்டி மெத்து மெத்தெண்டு சாதாரண ஸ்பொஞ்ச மெல்லிசா வெட்டிப் போடுவாங்க. ரெண்டாவது முதலாவத விட மோசம். சாதாரண ஸ்பொஞ்ச முழங்காலால அமத்திப் பாருங்க, முதல் சும்மா போகும், மறுகா டக்கெண்டு அடியில தட்டும். ப்ளேன் கீழ குத்தக்குள்ளயும் இதுதான் நடக்கிற, சீட் உடன நிக்குது, நீங்க ஸ்பொஞ்சுக்குள்ளால வேகத்தோட வந்து அடிப் பலகையில மோதுறீங்க, அந்த அடி நேர முதுகெலும்புக்கு. கம்பெனி ப்ளேன் சீட்டுக்கு 1988ல அமெரிக்கால சட்டம் மாத்தினாங்க, பொம்மைய வச்சு சீட்ட இடிச்சுப் பாப்பாங்க, நாரியெலும்புல வாற அமுக்கம் 1,500 இறாத்தலுக்கு, நம்மட கணக்குல 680 கிலோவுக்கு மேல போகக் கூடாது. ஹோம்பில்டுக்கு அந்தச் சட்டம் இல்ல. சட்டம் இல்லாட்டியும் எலும்பு அதே எலும்புதானே.

இதுக்குச் சரியான சாமான் மெமரி ஃபோம் எண்டு இப்ப மெத்தைக் கடையிலயும் சொல்ற அந்த வகை. 1966ல நாசாக்காக சார்ள்ஸ் யோஸ்ட் எண்டவர் ப்ளேன் சீட்டுக்கெண்டே தொடங்கினது, மறுகாதான் மெத்தைக்கு வந்திச்சு. மெதுவா அமத்தினா விரல் உள்ளுக்க போகும், கையால ஓங்கிக் குத்தினா பலகை மாதிரி நிக்கும். ப்ளேன் சீட்டுக்கு வாற நல்ல வகையில இறுக்கத்துக்கு ஏத்த மாதிரி கலர் வச்சு விக்கிறாங்க, கீழ இறுக்கமானது மேல மெதுவானது எண்டு ரெண்டு மூண்டு தட்டா ஒட்டுற. ஒரு அங்குலத் தடிப்புலயே மூண்டு அங்குல ஸ்பொஞ்ச விட நல்ல வேலை செய்யும். ஆனா ஒரு விசயம், இது சூட்டுக்கு இளகும் குளிருக்கு இறுகும். நான் சாம்பிள் துண்டு ஒண்ட பகல் ஒரு மணிக்கு தகரத்துக்குக் கீழ வச்சுப் பாத்தன், பழுத்த வாழைப்பழம். அதையே ராவு ஃபிரிட்ஜுக்க வச்சு காலையில எடுத்தா தட்டினா சத்தம் கேக்குது. மச்சான்ட கராஜுக்க மாசி மாசம் அதுல இருந்தா முதல் பத்து நிமிசம் வாங்கு மாதிரித்தான் இருக்கும், அதோட அமுங்காததால தலையும் ஒரு செ.மீ. மேல நிக்கும். அதால குளிர்ல அளந்தா ஒரு அளவு, வெக்கையில அளந்தா ஒரு அளவு, நான் குளிர் அளவத்தான் எடுக்கச் சொன்னன்.

புதுக் குஷன் அமுங்கி 1.5 செ.மீ. அப்ப 105ல இருந்து 102.5. கனோபி மூடும், ஆனா கடதாசி போற இடம்தான்.

அடுத்தது சாய்க்கிறது. சாய்மனைக் கதிரையில அப்பா இருக்கிற மாதிரி. எஃப்-16 எண்ட சண்டைப் ப்ளேன்ல சீட் 30 பாகை சாய்வு, எஞ்சின் இல்லாத கிளைடர்ல படுத்த மாதிரியே இருப்பாங்க. இடுப்புல இருந்து தோள் வரைக்கும் 60 செ.மீ. எண்டு எடுத்தா 15 பாகைல இருந்து 25க்கு சாய்ச்சா தலை மூண்டரை செ.மீ. இறங்கும், ஆனா தோள் பத்து செ.மீ. பின்னால போகும், அவ்வளவு இடம் பின்னுக்கு இருக்க வேணும், இல்லாட்டி இடுப்பு முன்னுக்கு வந்து முழங்கால் முட்டும். கழுத்த நிமித்தி வச்சுத்தான் முன்னுக்குப் பாக்க வேணும் எண்டதால கன நேரம் பறந்தா பிடரி நோகும். ஆள் பின்னால போனா ப்ளேன்ட பாரத்துட நடுவும் பின்னால போகும், 650 கிலோ ப்ளேன்ல 95 கிலோ ஆள் 5 செ.மீ. அரக்கினா நடு முக்கா செ.மீ. அரங்குது. சின்னதுதான், ஆனா முன்-பின் சீட் ப்ளேன்ல பின்னுக்கு இன்னொராள் ஏறினா ஏற்கனவே பின் எல்லைக்குக் கிட்ட நிக்கும், அதையும் கூட்டிப் பாக்காமச் சாய்க்கக் கூடாது. மச்சான் அஞ்சு பாகை மட்டும் சாய்ச்சான், ஒண்டரை செ.மீ. கிடைச்சிது.

பெல்ட்டயும் பாக்க வேணும். தோள்பட்டி தோளுக்கு மேலால போய் பின்னுக்கு மட்டமா, இல்லாட்டிக் கொஞ்சம் மேல்பக்கமா பிடிபட வேணும். உயரமான ஆளுக்கு பிளான்ல சொன்ன இடத்துல பூட்டினா தோளுக்குக் கீழ போயிரும், அப்ப மோதக்குள்ள பட்டி முதுகெலும்பக் கீழ அமத்தும், மூட்டைக்குக் கயிறு இறுக்கின மாதிரி. சீட்ட இறக்கினா இதுவும் சேந்து சரியாகுது எண்டது ஒரு லாபம்.

கனோபிய உயத்தலாம்தானே எண்டு கன பேர் கேக்கிறாங்க. செலவு, காத்துத் தடை, வால்ப்பக்கம் போற காத்துட போக்கு மாறுறது எல்லாத்தையும் விட பெரிய பிரச்சினை ரோல் பார், ப்ளேன் பிரண்டா தலையக் காப்பாத்துற இரும்பு வளையம். வால்சில்லு ப்ளேன் பிரேக் கூடினா, இல்லாட்டி சேத்துல இறங்கினா மூக்கால குத்திப் பிரளும். பிரண்டா நிலத்துல படவேண்டியது பைலட்டுக்குப் பின்னுக்கு இருக்கிற இரும்பு வளையமும் முன்கண்ணாடிச் சட்டமும், நடுவுல தலை தொங்கும். கனோபிய மட்டும் உயத்தி தலைய வளையத்துக்கு மேல விட்டா நிலத்துல முதல் படுறது தலைதான், பேர்ஸ்பெக்ஸ் அந்த நேரம் இருக்காது. கார் ரேஸ் ஆக்களுக்கு இதுக்கு ஒரு லேசான வழி இருக்கு, முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் மேலால ஒரு தும்புத்தடிக் கம்ப வச்சுப் பாக்கிற, மாணவர்மார் செய்ற ஃபோர்முலா எஸ்.ஏ.ஈ. கார்ல அந்தக் கோட்டுக்கு ஹெல்மெட் உச்சி 50 மி.மீ. கீழ நிக்க வேணும் எண்டு சட்டமே இருக்கு. மச்சானிட்ட நான் கம்பு வைக்கச் சொன்னன், வச்சான், ஹெல்மெட் கம்பத் தூக்கிக்கொண்டு நிண்டிச்சு. அந்தப் போட்டோவுக்குப் பிறகு தான் கனோபி உயத்துற கதைய விட்டான்.

மிச்சம் இருந்தது சீட் பலகைய இறக்கிறது. கீழ்ச்செட்டை ப்ளேன்ல தொடைக்குக் கீழால செட்டையத் தாங்குற பிரதான வளை போகும், அதத் தொடவே ஏலா, வீட்டு முகட்டு வளை மாதிரி. பின்பக்கம் கொன்ட்ரோல் தடி போற இடம், அது முன்ன பின்ன முழுக்க அசைஞ்சு வர இடம் விட வேணும். கிட் கீறின ஆக்களிட்ட கேட்டு, இடுப்பு வாற இடத்துல மட்டும் ரெண்டு செ.மீ. இறக்கலாம் எண்டு வந்திச்சு. மொத்தம் ஹெல்மெட்டோட 4 செ.மீ. இடைவெளி. ஹெல்மெட் இல்லாம ஹெட்செட் மட்டும் எண்டா 7. என்ட கணக்குக்கு 4 இன்னும் காணாது, அவன்ட கணக்குக்குக் காணும், இதுல இன்னும் ஒத்துவரல்ல.

கடைசியா ஒண்டு செய்யச் சொன்னன், எல்லாத்தையும் பூட்டி பெல்ட்ட இறுக்கி கனோபிய மூடி கராஜுக்குள்ளயே ஒரு மணித்தியாலம் சும்மா இரு, ரெண்டு பக்கமும் கிறுகிப் பாத்துக்கொண்டிரு எண்டு. இருந்தான். நாப்பது நிமிசத்துல இடப்பக்கக் கழுத்து நோகத் தொடங்கிற்றாம், ஏன் எண்டு விளங்கல்லையாம், இறங்கி லைட் அடிச்சுப் பாத்தா கனோபிட உள்பக்கம் இடப்பக்கமா நகத்தால கீறின மாதிரி ரெண்டு மெல்லிய கோடு. நேர பாத்தா 4 செ.மீ. இருக்கு, தோளுக்கு மேலால பின்னுக்குப் பாக்கக்குள்ள ஹெல்மெட்ட விளிம்பு தட்டுது, அதத் தவிர்க்க அவனுக்கே தெரியாம தலைய வலப்பக்கம் சரிச்சுக்கொண்டு இருந்திருக்கான்.

இப்ப விளிம்பு சின்னன், லேசானது வேற ஹெல்மெட் தேடுறான். குஷன் நான் தைச்சு முடிச்சிட்டன், கறுப்புத் துணி உறை, ரெக்சின் போடல்ல, வேர்வைக்கு வழுக்கும். போன கிழமை தபால் கந்தோருக்குக் கொண்டு போனன், உள்ள இருந்த பிள்ளை நிறுத்துப் பாத்திட்டு என்ன சாமான் எண்டு கேட்டா, ப்ளேன் சீட் எண்டன், பேனைய வச்சிட்டு என்ன ஒருக்காப் பாத்திட்டு ஃபோம்ல "குஷன்" எண்டு எழுதினா.